முப்பட்டகம் போட்ட இசைத்தட்டு

பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பம் 1973 மார்ச்சில் வெளியானது. லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவில் பதிவான இதன் ஒலிப்பொறியாளர் ஆலன் பார்சன்ஸ். கறுப்பு உறையில், ஒளியை வண்ணங்களாகப் பிரிக்கும் முப்பட்டகம். பிரிட்டனில் முதலில் அச்சான தட்டுகளின் நடு லேபிளில் முக்கோணம் முழுக்க நீலமாக இருக்கும். பிறகு வந்தவற்றில் வெறும் கோடுதான். பழைய தட்டு வாங்குபவர்களின் கண் முதலில் போவது அங்கேதான். அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் ஒரே வாரம்தான் கிடைத்தது. ஆனால் 1988 வரை மொத்தம் 741 வாரங்கள் அந்தப் பட்டியலில் இருந்தது.

இந்த ஆல்பத்துக்கு வந்த மறுபதிப்பு எல்லாம் ஒரே வகை அல்ல. ஸ்டுடியோவில் ஒவ்வொரு கருவியும் குரலும் தனித்தனித் தடத்தில் பதிவாகின்றன. அவற்றை அளவு பார்த்து இரண்டு ஸ்பீக்கருக்கான ஒலியாகச் சேர்ப்பது மிக்ஸிங், அதாவது கலவை. அப்படிச் சேர்த்து முடித்த நாடாவின் ஒலியை, தட்டுக்கோ சிடிக்கோ ஏற்பச் சீர்செய்வது மாஸ்டரிங். தட்டில் கீழ் சுருதி அளவு மீறினால் ஊசி பள்ளத்தை விட்டுத் துள்ளிவிடும். சிடிக்கு அந்தத் தொல்லை இல்லை. ‘ரீமாஸ்டர்’ என்று விற்கும் பதிப்பில் கலவை பழையதுதான், மெருகு மட்டுமே புதிது.

இந்த ஆல்பத்தின் முதல் சிடி 1983இல் ஜப்பானில் வந்தது. தட்டைத் திருப்பிப் போடும் வேலை போனது. முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு ஓய்ந்ததுமே ‘மணி’ பாட்டின் கல்லாப்பெட்டிச் சத்தம் தொடங்கிவிடும். 1992இல் ஒரு ரீமாஸ்டர் வந்தது.

உண்மையிலேயே வேறு ஆல்பமாக ஒலிப்பவை மறுகலவைகள். நான்கு ஸ்பீக்கருக்கென்று பார்சன்ஸ் 1973இலேயே ஒன்று செய்தார். அந்தத் தொழில்நுட்பம் சந்தையில் நிலைக்காததால் அது ஒதுங்கிப்போனது. முப்பதாம் ஆண்டில், 2003இல், ஒலிப்பொறியாளர் ஜேம்ஸ் கத்ரியின், சுற்றிலும் ஸ்பீக்கர் வைத்துக் கேட்கும் 5.1 கலவை, எஸ்ஏசிடி என்ற உயர்தர சிடி வடிவில் வந்தது. 2011இன் ஆறு தட்டுப் பெட்டியில் பார்சன்ஸின் அந்த நான்கு ஸ்பீக்கர் கலவையும் 1974 வெம்பிளி கச்சேரிப் பதிவும் சேர்ந்தன. கூடவே ஒரு கழுத்துத் துண்டும் கோலிக்குண்டுகளும். இவற்றுக்கும் இசைக்கும் என்ன தொடர்பு என்பது தயாரித்தவர்களுக்கே வெளிச்சம்.

ஐம்பதாம் ஆண்டுப் பெட்டி 2023இல், மேலிருந்தும் ஒலி வரும் டால்பி அட்மாஸ் கலவையோடு வந்தது. 2024இல் வந்த பதிப்பு கண்ணாடி போலத் தெளிவான இரண்டு தட்டுகள்: ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் மட்டும் பாட்டு, மறுபக்கம் ஓவியம்.