மூடி மிதக்கும், பாட்டில் மூழ்கும்

2025 மே 25 அன்று கேரளக் கடற்பகுதியில் 'எம்.எஸ்.சி. எல்சா 3' என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது. அதிலிருந்த பிளாஸ்டிக் குருணைகள் சில நாட்களிலேயே நம் கன்னியாகுமரி மாவட்டக் கரையிலும் ஒதுங்கின. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் என் ஏழாம் வகுப்பில் இதே பேச்சுதான். "கடப்புறம் முழுக்க உளுந்து கொட்டுன மாதிரி வெள்ளையா கெடக்கு சார்" என்றாள் மீனவக் கிராமத்து மாணவி ஒருத்தி.

குடம், பை, மூடி எல்லாம் இந்தக் குருணையை உருக்கித்தான் செய்யப்படுகின்றன என்றும், மீனும் பறவையும் இதை இரையென்று விழுங்கிவிடும் என்றும் விளக்கினேன். 2021-இல் கொழும்பு அருகே தீப்பிடித்த கப்பலிலிருந்தும் இதேபோல் குருணைகள் கரை ஒதுங்கியதைச் சொன்னேன். உடனே ஒரு மாணவன், "கப்பல்காரனும் கடப்புறத்துக்காரங்களும் போடுற குப்பைக்கு நாம என்ன சார் செய்ய?" என்றான். அவன் வயல் சூழ்ந்த ஊர்க்காரன். அந்த மாணவி தலையைக் குனிந்துகொண்டாள். விழிப்புணர்வுப் படம் வரையச் சொல்லி இதைச் சரிசெய்ய முடியாது என்று தோன்றியது.

மறுநாள் ஒரு வாளித் தண்ணீர் வைத்தேன். தண்ணீர் பாட்டிலின் மூடி, பாட்டிலில் வெட்டிய துண்டு, கேரி பேக் துண்டு, நைலான் வலைத் துண்டு ஆகியவற்றில் எது மிதக்கும் என்று முதலில் ஊகித்து எழுதச் சொன்னேன். பிறகு ஒவ்வொன்றையும் நீருக்குள் அமுக்கிவிட்டோம். மூடியும் பையும் மேலே வந்தன. பாட்டில் துண்டும் வலையும் அடியில் தங்கின. பலருடைய ஊகம் தவறியது.

காரணம் அடர்த்தி. கடல்நீரின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.03 கிராம். பை செய்யப் பயன்படும் பாலித்தீன் 0.92 முதல் 0.96 வரை. நைலான் 1.14, பாட்டிலின் 'பெட்' பிளாஸ்டிக் 1.38. அப்படியானால் கரையில் நாம் பார்ப்பது பெரும்பாலும் மிதந்து வந்தவற்றை மட்டுமே. கரை சுத்தமாக இருப்பதால் கடலும் சுத்தமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

இப்போது அந்த மாணவி எழுந்தாள். "அடியில கெடக்கிறது எங்க அப்பா வலையில மீனோட சேர்ந்து வரும் சார். அதைப் பொறுக்கிப் போட்டுட்டுத்தான் மீனை எடுக்கணும்." வகுப்பே அவளிடம் கேள்வி கேட்டது.

அடுத்து மாவட்ட வரைபடத்தை விரித்தோம். அவரவர் வீட்டருகே உள்ள ஓடையிலிருந்து கால்வாய், குளம், ஆறு என்று தண்ணீர் போகும் வழியைப் பென்சிலால் வரைய வேண்டும். முந்தைய நாள் கேள்வி கேட்ட மாணவனின் கோடு நாஞ்சில் நாட்டு வயல்களைக் கடந்து, பழையாற்றோடு சேர்ந்து, மணக்குடியில் கடலைத் தொட்டது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "எங்க ஓடையும் இங்கதான் வருதா?" என்றான். நான் எதுவும் சேர்த்துச் சொல்லவில்லை.

தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகள், குவளைகள் போன்றவற்றுக்குத் தடை உள்ளதும், 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். ஆனால் தங்கள் ஊர்த் தண்ணீர் யார் வலைக்குப் போகிறது என்று தெரிந்த பிறகுதான், அடுத்த வாரம் பள்ளி ஓடையில் கிடந்த உறைகளை அவர்களாகவே கணக்கெடுத்தார்கள்.

ஓர் எச்சரிக்கை: ஒதுங்கிய குருணைகளை மாணவர்கள் வெறுங்கையால் தொடக் கூடாது. அவற்றை அகற்றுவது நிர்வாகத்தின் பணி. பிள்ளைகளை அதில் ஈடுபடுத்த வேண்டாம்.

கடல் இல்லாத மாவட்டத்திலும் இந்தப் பாடத்தை நடத்தலாம். வைகையோ பாலாறோ, உங்கள் ஊர் ஓடையிலிருந்து கோட்டைத் தொடங்குங்கள்.