பாட்டிக்கு இரண்டு மூக்கு!

குழந்தைக்கு ஆண்டு நிறைவு. வீடு நிறைய உறவினர். மாலையில் குத்துவிளக்கு ஏற்றியாயிற்று. ஊரிலிருந்து வந்த பாட்டி, பேரனின் தலையில் கை வைத்து ஆசி கூறுகிறாள். சித்தப்பா தமது புது டிஜிட்டல் காமிராவைத் தூக்கிப் பிடிக்கிறார். ‘கிளிக்!’

படத்தைப் பார்த்தால், பாட்டிக்கு இரண்டு மூக்கு! பேரனின் முகமோ புகை போலக் கரைந்திருக்கிறது.

பகலில் தெருவில் எடுத்த படமெல்லாம் பளிச்சென்று இருக்கின்றனவே, இதற்கு மட்டும் என்ன வந்தது? காமிராவில் கோளாறு இல்லை. ‘ஐ.எஸ்.ஓ.’ என்ற எண்ணைச் சித்தப்பா 100-லேயே விட்டுவிட்டார். அவ்வளவுதான் சங்கதி.

காமிரா வெளிச்சத்தை எவ்வளவு கூர்மையாக உணர வேண்டும் என்பதைச் சொல்லும் எண் இது. 100, 200, 400, 800, 1600 என்று இரட்டித்துக்கொண்டே போகும். எண் இரட்டித்தால், படம் பதிய வேண்டிய நேரம் பாதியாகும். அந்த அறையில் 100-ல் படம் பதிய, ஒரு வினாடியில் எட்டில் ஒரு பங்கு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் பாட்டி தலையசைப்பாள், குழந்தை துள்ளும், காமிரா பிடித்த கையும் நடுங்கும். அத்தனையும் படத்தில் இழுபட்டு விழும். எண்ணை 1600 ஆக்கினால்? வினாடியில் ஏறக்குறைய 125-ல் ஒரு பங்கு போதும்!

பிலிம் காமிராவில் இந்த வசதி கிடையாது. எண் பிலிம் பெட்டியின் மேலேயே அச்சாகியிருக்கும். சுருளைப் போட்டுவிட்டால் 36 படமும் அதே எண்ணில்தான். அமெரிக்கர் ஓர் எண்ணும் ஜெர்மானியர் வேறோர் எண்ணும் சொல்லிவந்தார்கள். 1974-ல் இரண்டையும் சேர்த்து உலகப் பொதுவாக்கியது, ஜெனீவாவிலுள்ள சர்வதேசத் தர நிர்ணய நிறுவனம். அதன் பெயர்தான் இன்று காமிராப் பொத்தானில் இருக்கிறது.

அப்படியானால் எப்போதும் பெரிய எண்ணையே வைத்துக்கொள்ளலாமே? அங்கேதான் சூட்சுமம். எண்ணைக் கூட்டுவதால் வெளிச்சம் கூடிவிடாது. கிடைத்த கொஞ்ச வெளிச்சத்தைக் காமிரா பெருக்கிக் காட்டுகிறது. தூரத்து வானொலி நிலையத்தைக் கேட்க ஒலியைக் கூட்டினால், பாட்டோடு கரகரப்பும் கூடுகிறது அல்லவா? அதுபோலப் படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் விழும்.

இந்தப் புள்ளிகளுக்கு அஞ்சியே பலர் எண்ணைக் கூட்டுவதில்லை. வீண் பயம்! புள்ளி விழுந்த படத்தில் முகமாவது தெரியும். ஆடிப்போன படத்தைச் சரிசெய்வது பெரும்பாடு. ‘ஃபிளாஷ்’ போடலாம்தான், ஆனால் குத்துவிளக்கின் பொன்னிறம் போய்விடும்.

மாற்றுவது எளிது. காமிராவின் மேலேயோ பின்னாலோ ஐ.எஸ்.ஓ. பொத்தான் இருக்கும், இல்லாவிட்டால் திரையில் வரும் பட்டியலில் இருக்கும். முழுத் தானியங்கி நிலையில் பல காமிராக்கள் இதைத் தொட விடமாட்டா. மேலுள்ள சக்கரத்தை ‘பி’ என்ற எழுத்துக்குத் திருப்பிக்கொள்ள வேண்டும். நல்ல வெயிலில் 100, நிழலில் 400, இரவில் வீட்டுக்குள் 1600 அல்லது 3200 வைத்துப் பார்க்கலாம். காரியம் முடிந்ததும் எண்ணைக் குறைக்க மறந்தால், மறுநாள் பகல் படத்திலும் வீணாகப் புள்ளி விழும்.

சித்தப்பாவும் 1600 வைக்கிறார். “இன்னொரு தடவை கை வையுங்கள், அம்மா!” என்கிறார். பாட்டி வைக்கிறாள். இப்போது மூக்கு ஒன்றுதான். ஆனால் முதல் தடவை கை வைத்தபோது அவள் கண்ணில் நீர் திரண்டிருந்தது. அது இந்தப் படத்தில் இல்லை.