மெட்டு யாருக்குச் சொந்தம்?

2017 மார்ச்சில் எஸ்.பி.பி. இங்கே அமெரிக்காவில் கச்சேரிகள் செய்துகொண்டிருந்தபோது, தன் பாடல்களை அனுமதியின்றிப் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. நாமும் இரண்டு கட்சியாகப் பிரிந்தோம். கர்வம், பணம் என்று பேசினோம்.

ஆனால் பாடியவரின் உரிமை வேறு, மெட்டமைத்தவரின் உரிமை வேறு. இந்தியாவில் 2012 சட்டத்திருத்தம் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டியில் பங்கை உறுதிசெய்தது. இளையராஜா கேட்டது அந்த உரிமையை.

எஸ்.பி.பி. மல்லுக்கு நிற்கவில்லை. மற்றவர்கள் இசையமைத்த பாடல்களோடு பயணத்தைத் தொடர்ந்தார். 2019 ஜூனில் சென்னையில் இளையராஜாவின் மேடையில் மீண்டும் பாடினார். 2020 செப்டம்பர் 25 அன்று மறைந்தார்.

நர்ஸாக நான் பார்த்தவரை, பலரும் ஐ.சி.யூ. வாசலுக்கு வந்த பிறகுதான் சமாதானம் பேசுகிறார்கள். இவர்கள் அதற்கு முன்பே பேசிவிட்டார்கள்.