முற்றத்துக்கு வந்த மதிப்பு

பழைய பாணி என்று நாங்கள் ஒதுக்கிவிட்ட முற்றமும் விறாந்தையும் இன்று வசதி படைத்தோர் பெரும் பணம் கொடுத்துத் தங்கும் ஆடம்பரமாகியிருக்கின்றன. பென்தோட்டைக்கு அண்மையில், தெத்துவ வாவிக் கரையில் உள்ள லுணுகங்க விடுதியைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்.

லுணுகங்க முன்பு ஒரு றப்பர் தோட்டம். 1948இல் அதை வாங்கிய ஜெஃப்ரி பாவா, 2003இல் இறக்கும்வரை அங்கே வீடும் தோட்டமுமாகச் செதுக்கிக்கொண்டே இருந்தார். கோட்டேயில் 1982இல் திறக்கப்பட்ட பாராளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்தவரும் அவரே. ஆசியக் கட்டடக்கலையைப் படிப்பவர்கள் அவருடைய பெயரைத் தவிர்க்க முடியாது. இப்போது அத்தோட்டம் சில அறைகளே கொண்ட விருந்தினர் விடுதியாக இயங்குகிறது.

அங்கே என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது பாவாவின் வீடல்ல, ஒரு பெண்ணின் வீடு. பத்திக் கலைஞரான ஏனா த சில்வாவுக்காக பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் கட்டிய வீடு அது. 2009இல் அந்தக் காணி விற்கப்பட்டபோது வீடு இடிபட வேண்டிய நிலை வந்தது. கற்கள், தூண்கள், கதவுகள், யன்னல்கள் எல்லாவற்றையும் அடையாளமிட்டுக் கழற்றி, லுணுகங்கவுக்குக் கொண்டுவந்து மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள்.

அந்த வீட்டில் அப்படி என்ன இருக்கிறது? தெருப் பக்கம் உயர்ந்த மதில். உள்ளே நடுமுற்றம். அதைச் சுற்றி விறாந்தை, விறாந்தையை ஒட்டி அறைகள், மேலே ஓட்டுக்கூரை. இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய அந்தக் காலத்தில் கண்ணாடியையும் உருக்கையும் நம்பாமல் கல், மரம், ஓடு என்று உள்ளூரில் கிடைத்தவற்றைக் கொண்டே கட்டினார்கள்.

வாசிக்கும்போதே உங்களுக்கு யாழ்ப்பாணத்து நாற்சார் வீடு நினைவுக்கு வந்திருக்கும். எங்கள் பாட்டிமார் மிளகாய் காயவிட்டதும், நெல் புடைத்ததும், பிள்ளைகளைக் கண்பார்வையில் வைத்துக்கொண்டு வேலை செய்ததும் அந்த முற்றத்தில்தான்.

சமூகவியல் படித்தவள் என்ற வகையில் நான் ஒன்றைச் சொல்வேன். முற்றம் அழகுக்கு மட்டுமல்ல, அது பெண்ணின் வேலைத்தலம், பாதுகாப்பும்கூட. தனியே பிள்ளைகளோடு வாழும் சகோதரிகள் பலர் பயத்தால் இரவில் யன்னல்களை இறுகச் சாத்திவிட்டு வெக்கையில் அவிகிறார்கள். வெளியே மூடி உள்ளே திறந்திருக்கும் வீட்டில் அந்தத் துன்பம் இல்லை.

போருக்குப் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் இந்திய உதவியுடன் வீடொன்றுக்கு 550,000 ரூபா வழங்கப்பட்டு, ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டப்பட்டன. உரிமையாளரே முன்னின்று கட்டுவதுதான் அத்திட்டத்தின் முறை. ஆனாலும் நான் சென்ற பல வீடுகளில் குசினி எங்கே வரவேண்டும் என்பதை மேசனோ உறவினரோதான் முடிவு செய்திருந்தார்கள். அங்கே சமைக்கப் போகிறவளை யாரும் கேட்கவில்லை.

ஒரு சகோதரி மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. “முன்பக்க அலங்காரம் வேண்டாம், குசினிக்கும் அறைக்கும் நடுவிலே எனக்கு ஒரு விறாந்தை வேணும்” என்று பிடிவாதமாக நின்றாள். இன்று அந்த விறாந்தையில்தான் அவளுடைய தையல் மெசின் இருக்கிறது. பிள்ளைகள் படிப்பதும் அங்கேதான்.

சிறிய வீட்டில் நாற்சார் முற்றம் அமைப்பது கடினம் என்பது உண்மை. ஆனால் வீட்டை ‘ட’ வடிவில் திருப்பி, மிகுதி இரண்டு பக்கங்களையும் கிடுகு வேலியால் அடைத்தால் பின்னால் ஒரு மறைவான முற்றம் கிடைக்கும். சுவரின் மேற்பகுதியில் பூக்கல் வைத்தால் யன்னல் சாத்தியிருந்தாலும் சூடான காற்று வெளியேறும். மேற்குப் பக்கத்தில் ஒரு வேம்பு நட்டால் பின்னேர வெயில் தணியும்.

ஏனா த சில்வா தனக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்பதைத் தெளிவாக அறிந்திருந்தவர். அவரிடம் வசதி இருந்தது, எங்களிடம் இல்லை. ஆனால் எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று சொல்வதற்குப் பணம் தேவையில்லை. வீடு கட்டவோ திருத்தவோ இருக்கும் சகோதரிகளே, அத்திவாரம் வெட்டுவதற்கு முன்னர் வரைபடத்தை உங்கள் கையில் வாங்கிப் பாருங்கள். எங்கே சமைப்பீர்கள், எங்கே இருந்து வேலை செய்வீர்கள், எங்கே பயமின்றித் தூங்குவீர்கள் என்று மேசனுக்கு நீங்களே காட்டுங்கள்.