பெட்ரோல் காலம் முடிந்தால் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் மதிப்பு என்னாகும்?

எண்ணெய் விலை பற்றிய செய்தி வரும்போதெல்லாம் கிள்ளான் பள்ளத்தாக்கில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போரை ஒரு கேள்வி அரிக்கிறது. மின்சாரக் கார்கள் சாலைகளை நிறைத்துவிட்டால், ஆயிரக்கணக்கில் வெள்ளியைக் கொட்டிப் புதுப்பித்த காரை யார் வாங்குவார்? இப்போதே விற்றுவிடலாமா? பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாமா? சிலருக்கு அது வெறும் பொழுதுபோக்கு அல்ல. ஓய்வுக்காலச் சேமிப்பில் ஒரு பகுதியே அதில் முடங்கிக் கிடக்கிறது.

எரிபொருள் மாறுவது இது முதல் முறையன்று. ஒரு காலத்தில் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. வால்வு அமரும் இடம் தேயாமல் காத்ததே அந்த ஈயம்தான். உலகெங்கும் ஈயமற்ற பெட்ரோல் வந்தபோது பழைய இயந்திரங்களின் கதை முடிந்ததோ என்ற அச்சம் எழுந்தது. என்ன நடந்தது? பட்டறைக்காரர்கள் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, கடினமான உலோகத்தாலான வால்வு சீட்டைப் பொருத்தினார்கள். கார் ஓடியது. 2009 செப்டம்பரில் ரோன்92 போய் ரோன்95 வந்தபோது அந்தச் சிரமம்கூட இல்லை.

இந்தியாவில் நிலைமை வேறு. அங்கு 2025-க்குள் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நாடு முழுதும் பரவிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் வாஷர்களையும் கெடுக்கும். மலேசியாவிலோ செம்பனை எண்ணெய் டீசலில்தான் கலக்கப்படுகிறது. அந்த வகையில் இங்குள்ளவர்கள் தப்பித்தார்கள்!

விலைக் கணக்கைப் பார்ப்போம். 2025 செப்டம்பர் இறுதியில் பூடி95 திட்டம் தொடங்கியபோது ரோன்95-இன் மானிய விலை லிட்டருக்கு 1.99 வெள்ளி, மானியம் இல்லாத விலை 2.60 வெள்ளி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் கார் ஆண்டுக்கு 2,000 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் என்றால் 200 லிட்டர் போதும். மானியமே கிடைக்காவிட்டாலும் கூடுதல் செலவு ஆண்டுக்கு 122 வெள்ளிதான். பழைய காரைப் பராமரிக்கும் செலவில் இது ஒரு பொருட்டே அல்ல.

அப்படியானால் விலையை முடிவு செய்வது எது? ஆசைதான். 1989 வாக்கில் ஃபெராரி போன்ற பழைய கார்களின் விலை விண்ணைத் தொட்டது. அடுத்த சில ஆண்டுகளில் சரிந்தது. பெட்ரோல் அப்போது எங்கும் ஓடிப்போய்விடவில்லை. ஊக வணிகத்தில் இறங்கியவர்கள் வெளியேறினார்கள், அவ்வளவே. மறுபுறம், டொயோட்டா 1983 முதல் 1987 வரை தயாரித்த ஏஇ86, கொரோல்லா குடும்பத்துக் கார்தான். 1995-இல் தொடங்கிய ‘இனிஷியல் டி’ என்ற ஜப்பானியச் சித்திரக்கதை அதை இளைஞர்களின் கனவாக்கிவிட்டது. 2023 ஜனவரியில் தோக்கியோ கண்காட்சியில் டொயோட்டா இரண்டு ஏஇ86 கார்களை நிறுத்தியது. ஒன்று ஹைட்ரஜனில் ஓடுவது, மற்றது மின்கலத்தில் ஓடுவது. ஆனால், பழைய வாகனச் சங்கங்களின் அனைத்துலகக் கூட்டமைப்பான ஃபீவா, மின்சாரத்திற்கு மாற்றிய காரை வரலாற்று வாகனமாக ஏற்பதில்லை. பழைய இயந்திரத்தைக் கழற்றுபவர், அதைத் தூக்கிப் போடாமல் பத்திரப்படுத்துவது நல்லது.

ஆசைக்கும் வயது உண்டு. 1968-இல் திறக்கப்பட்ட பத்து தீகா பந்தயத் தடத்தில் வேலியோரம் நின்று பார்த்த தலைமுறைக்கு எம்ஜியும் டட்சனும் கனவு. அத்தடம் 2003-இல் மறைந்துவிட்டது. அந்த ரசிகர்களும் முதுமை எய்திவிட்டார்கள். இன்று நாற்பது வயதில் கையில் காசு வைத்திருப்பவர் பள்ளிப் பருவத்தில் ஏக்கத்தோடு பார்த்தது புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ. வருங்காலத்தில் தேடப்படுவது அதுவாகவே இருக்கலாம். அரிய எம்ஜிக்கு வாங்குபவர் கிடைப்பார். நடுத்தரமான ஒன்றுக்குச் சிரமம்தான்.

எண்ணெயைவிட அஞ்ச வேண்டியது சட்டத்தை. 2009 அக்டோபரில் 15 ஆண்டுக்கு மேற்பட்ட கார்களுக்குச் சாலை வரி புதுப்பிக்கும்போது கட்டாயச் சோதனை என்ற அறிவிப்பு வந்து, பொதுமக்களின் எதிர்ப்பால் விரைவிலேயே கைவிடப்பட்டது. இன்னொரு நாள் அப்படி ஒன்று வராது என்று சொல்வதற்கில்லை.

துருவும் பொல்லாதது. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் கீழே மழையில் நிற்கும் காரையும் கிள்ளானில் கடற்காற்று படும் காரையும் அது சும்மா விடாது. வாங்க நினைப்பவர் தரைத் தகட்டைத் தட்டிப் பார்ப்பதோடு, சேஸி எண்ணையும் இயந்திர எண்ணையும் கிராண்டில் உள்ளவற்றோடு ஒப்பிட வேண்டும். சாதாரண சத்ரியாவுக்கு ஜிடிஐ வேடம் போட்டு விற்பவர்களும் உண்டு.