அரைநாள் உழைப்பும் முழு மாண்பும்

திராட்சைத் தோட்ட வேலையாள்களைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். மாலை ஐந்து மணியளவில் சந்தை வெளியில் நின்றவர்களைப் பார்த்து, நாளெல்லாம் ஏன் வேலையின்றி நிற்கிறீர்கள் என்று நிலக்கிழார் வினவுகிறார். அழைப்பார் ஒருவரும் இல்லை என்பதே அவர்கள் தந்த விடை. அவர்கள் சோம்பேறிகள் அல்லர். உழைக்க மனமற்றவரும் அல்லர். அழைப்பு வந்ததும், எஞ்சியிருந்தது ஒரு மணி நேரமே ஆயினும், தயங்காது தோட்டத்திற்குச் சென்றனர்.

நம் பங்குகளிலும் இப்படி அழைப்புக்காகக் காத்திருப்போர் உண்டு. அவர்கள் சந்தை வெளியில் நிற்பதில்லை; வீட்டுத் திண்ணையிலும் சன்னலோரத்திலும் அமர்ந்திருக்கிறார்கள். குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பியவர், பனையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்தவர், சாலை விபத்தில் கால் இழந்தவர், முடக்குவாதத்தால் மூட்டுகள் இறுகியவர், சர்க்கரை நோயால் பாதத்தைப் பறிகொடுத்தவர் எனப் பலர். 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, மாற்றுத்திறனாளிகள் இந்தியாவில் ஏறத்தாழ 2 கோடியே 68 லட்சம் பேர் என்றும், தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம் பேர் என்றும் கூறுகிறது. நாடு முழுவதிலும் இவர்களுள் ஐவரில் ஒருவர் நடமாட்டக் குறைபாடு உடையவர்.

அன்பே பூட்டிய கதவு

இவர்களை வேலைக்கு அனுப்பாமல் தடுப்பது பெரும்பாலும் வெறுப்பன்று, அன்புதான். “தம்பி, நீ ஏன் அலைய வேண்டும்? நாங்கள் இல்லையா?” என்று அண்ணன் கேட்கிறார். “என் கண்மூடும்வரை உனக்கென்னம்மா குறை?” என்று தாய் தேற்றுகிறாள். சொற்கள் இனியவை. ஆனால் தாயின் கண் ஒருநாள் மூடத்தான் போகிறது. அண்ணனுக்கும் பிள்ளைகள் வளர்வார்கள், செலவுகள் பெருகும். அன்று, நாற்பது ஐம்பது வயதில், கைத்தொழிலும் இல்லை, கையில் காசும் இல்லை, வெளியுலகப் பழக்கமும் இல்லை என்ற நிலையில் அந்தச் சகோதரனோ சகோதரியோ நிற்க நேர்ந்தால், அதற்கு யார் பொறுப்பு? சோறு போடுவதோடு கடமை முடிந்துவிட்டதாகக் கருதும் அன்பு, அறியாமலே கதவைப் பூட்டிவிடுகிறது.

1981-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை உலக ஊனமுற்றோர் ஆண்டாகக் கொண்டாடியது. அதே ஆண்டு செப்டம்பர் 14 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மனித உழைப்பைப் பற்றிய தம் திருமடலை வெளியிட்டார். ஊனமுற்றோரின் உழைப்புக்கென்றே அதில் ஒரு தனிப் பகுதி உண்டு. உடலில் எக்குறை இருப்பினும் ஒருவர் முழு மனிதரே. அவரவர் ஆற்றலுக்கேற்ற உழைப்பில் பங்குபெறும் உரிமை அவருக்கு உண்டு. உடல்நலம் நிறைந்தோருக்கு மட்டுமே இடமளிக்கும் சமுதாயம் மனித மாண்பை மறுக்கிறது என்பதே அதன் சாரம். ஆகவே வேலை தேடித் தருவது தருமம் அன்று, நீதி.

ஏன் பகுதி நேரம்?

எட்டு மணி நேரம் உழைக்க இயலாதது குற்றமன்று. இளம்பிள்ளை வாதம் கண்டவர் பலருக்கு, பல பத்தாண்டுகள் கழித்துத் தசைகள் மீண்டும் தளரத் தொடங்குகின்றன. அளவுமீறி உழைத்தால் அத்தளர்ச்சி மிகும். முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்றவர் ஒரே நிலையில் நெடுநேரம் அமர்ந்திருந்தால், வலி தெரியாமலே அழுத்தப் புண் உண்டாகும். அரைமணிக்கு ஒருமுறையேனும் அவர் கைகளை ஊன்றி உடலைத் தூக்கி இறக்க வேண்டும். முடக்குவாதம் உடையோர் பலருக்குக் காலையில் மூட்டுகள் இறுகிக் கிடக்கும். பொழுது ஏற ஏறத்தான் விரல்கள் இளகும். இவர்கள் நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு மணி நேரம் செம்மையாக உழைப்பது, எட்டு மணி நேரம் உழைத்து ஒரு மாதத்தில் படுத்துவிடுவதைவிட மேலானது.

புனித பவுலும் கொரிந்து நகரில் அக்கில்லா, பிரிஸ்கில்லா வீட்டில் தங்கிக் கூடாரத் தொழில் செய்துகொண்டே நற்செய்தியை அறிவித்தவர் அன்றோ? தம் உடலில் தைத்த முள்ளைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். எனினும் தம் கையால் உழைத்துண்பதை அவர் பெருமையாகவே கொண்டார்.

நான்கு கேள்விகள்

வேலை தேடுமுன் குடும்பத்தார் கூடி அமர்ந்து நான்கு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். விடை சொல்ல வேண்டியவர் வேலை செய்யப் போகிறவரே.

முதலாவது: உடல் எந்த நேரத்தில் ஒத்துழைக்கிறது? ஒரு வாரம் குறிப்பேட்டில் எழுதிப் பார்த்தால் விளங்கிவிடும்.

இரண்டாவது: போய்வர என்ன ஆகும்? மூன்று மணி நேர வேலைக்கு இரண்டு மணி நேரப் பயணம் என்றால், உடலை வாட்டுவது வேலையன்று, வழியே. ஆட்டோ வாடகையே ஊதியத்தை விழுங்கிவிடுவதும் உண்டு.

மூன்றாவது: அமருமிடமும் கழிப்பறையும் எப்படி? இதைக் கேட்கப் பலர் கூசுகின்றனர். கழிப்பறைக்குச் செல்ல வழியின்றி, பெண்கள் நாள் முழுதும் தண்ணீர் அருந்தாமலிருந்து சிறுநீர் நோய்க்கு ஆளாகின்றனர். முதல் நாளே கேட்டுத் தெளிவது நன்று.

நான்காவது: என்ன தெரியும், எதில் விருப்பம்? இக்கேள்வியைத்தான் நாம் கேட்பதே இல்லை. கால் போனதைப் பார்க்கும் கண்கள், கையையும் அறிவையும் காண மறந்துவிடுகின்றன.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் நேர்ந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். நின்று செய்யும் அறுவை மருத்துவம் இனி இயலாது என்ற நிலையில், தொழுநோயாளரின் முடங்கிய கைகளைச் சீர்செய்யும் அறுவை, அமர்ந்தே செய்யத்தக்கது என்று கண்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அதைச் செய்தார். பின்னர் அங்கு மறுவாழ்வு மருத்துவத் துறையைத் தலைமையேற்று நடத்தினார். 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர் கற்ற கல்வி மாறவில்லை. வேலையின் வகைதான் உடலுக்கேற்ப மாறியது. இங்கே நாம் கற்க வேண்டிய பாடம் அதுவே.

எவ்வகை வேலைகள்?

மாலை நேரத் தனிப்பயிற்சி வகுப்பு, மாணவரே வீடு தேடி வரும் வேலை. கணக்குப் பதிவு கற்றவர் இரண்டு மூன்று கடைகளுக்கு வரிக் கணக்கு எழுதலாம். தமிழ் நன்கறிந்தோர்க்கு அச்சகங்களில் பிழை திருத்தும் பணியும், கணினித் தட்டச்சும் உண்டு. தையல் தெரிந்தும் மிதிக்கக் காலில் வலுவில்லாதவருக்கு மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்குத் தமிழக அரசே இதை இலவசமாக வழங்கும் திட்டமும் உண்டு. செபமாலை கோத்தல், திருவுடைகளில் பூவேலை போன்றவை வீட்டிலிருந்தே செய்யத்தக்கவை. ஆனால் தொழுநோயாலோ சர்க்கரை நோயாலோ கைவிரலில் உணர்ச்சி குன்றியவர் ஊசி, சூடான மெழுகு, இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றைத் தவிர்ப்பது நலம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வீட்டிலிருந்தபடியே ஆயிரமாயிரமாகச் சம்பாதிக்கலாம் என்று கைப்பேசியில் வரும் அழைப்புகளுள் வஞ்சகம் மலிந்திருக்கிறது. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், முன்பணம் என எப்பெயரில் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். வேலை கொடுப்பவர் கூலி தருவாரேயன்றிக் காசு கேட்கமாட்டார்.

சட்டம் தரும் கைத்தடி

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் நிறைவேறி, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 21 வகைக் குறைபாடுகளை அது ஏற்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடையோர்க்கு அரசுப் பணியிடங்களில் 4 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. பணியிலிருக்கும்போது ஊனமுற்ற அரசு ஊழியரைப் பணிநீக்கம் செய்யலாகாது என்றும், பணியாளரின் குறைபாட்டுக்கேற்ற வசதிகளை அரசு நிறுவனங்கள் செய்து தர வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. மருத்துவச் சான்றும் தேசிய அடையாள அட்டையும் பெறுவது முதற்படி. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இதற்கு வழிகாட்டுவர். மாத உதவித்தொகை பெறுவோர், வருமானம் வந்தால் அது தொடருமா என்பதையும் அங்கேயே முன்கூட்டிக் கேட்டறிதல் நன்று.

பங்கு செய்யத்தக்கது

பங்கு அலுவலகத்தில் தொலைபேசிக்கு விடை சொல்லுதல், பங்குத்தந்தையின் மேற்பார்வையில் பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுதல், திருப்பொருள் விற்பனை நிலையத்தில் அமர்தல், மாலைப் படிப்பகத்தைக் கவனித்தல் ஆகிய யாவும் அமர்ந்தே செய்யும் பகுதி நேர வேலைகள். இவற்றை யாருக்குத் தருகிறோம்? வேலை மாடியில் இருந்தால் அதைத் தரைத்தளத்துக்குக் கொணர்வது பெருஞ்செலவன்று. வாசற்படி ஓர் அடி உயரமென்றால், பன்னிரண்டு அடி நீளத்தில் சாய்தளம் அமைத்தால் சக்கர நாற்காலி எளிதில் ஏறிவிடும். நம் பங்குக் கொத்தனார் ஓரிரு நாளில் முடிக்கத்தக்க வேலை அது.

ஒன்றை மறத்தலாகாது. பாஸ்குவுக்கு ஒரு சேலையும் கிறிஸ்து பிறப்புக்கு ஒரு பலகாரப் பொட்டலமும் ஊதியமாகா. நீதியான கூலியைப் பற்றித் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இலேயே திருச்சபைக்கு எடுத்துரைத்துவிட்டார். அரைநாள் வேலைக்கு அதற்குரிய கூலியை, குறித்த நாளில், உழைத்தவரின் கையிலேயே கொடுக்க வேண்டும். அண்ணன் கையில் அன்று. அந்தப் பணத்தை என்ன செய்வது என்று முடிவு செய்வதும் உழைப்பின் மாண்பில் ஒரு பகுதியே.

அன்பான பங்குக் குடும்பத்தாரே, நம் தெருவில் அழைப்பாரின்றி அமர்ந்திருப்பவர் யார் என்பதை நாம் அறிவோம். வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவர் வீட்டுக்குச் செல்வோம். நலம் விசாரித்துத் திரும்பிவிடாமல், “உங்களுக்கு என்ன வேலை தெரியும்?” என்று கேட்போம். உழைப்பாளரின் பாதுகாவலராகிய புனித சூசையப்பர் நம் முயற்சிக்குத் துணைநிற்பாராக.