கட்டமும் வகையும்: மார்பகப் புற்றுநோயின் இரு கேள்விகள்

மார்பகப் புற்றுநோய் என்று உறுதியானதும், சுத்துக்கேணி போன்ற புதுச்சேரிச் சிற்றூர்களிலும் சென்னை போன்ற பெருநகரங்களிலும் உறவினர் முதலில் கேட்பது "எத்தனாவது ஸ்டேஜ்?" என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான் அது. எனினும் அது பாதிக் கேள்வி. கட்டம் என்பது நோய் எவ்வளவு தூரம் சென்றிருக்கிறது என்பதைச் சொல்கிறது. வகை என்பது அந்நோயின் குணம் என்ன, எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்பதைச் சொல்கிறது. ஒரே கட்டத்தில் இருக்கும் இரு பெண்களுக்கு முற்றிலும் வேறுபட்ட சிகிச்சை தரப்படுவதைக் கண்டு, ஒருவருக்கு ஏதோ குறை வைக்கப்பட்டதாகக் குடும்பத்தார் ஐயுறுவது இந்த மற்றப் பாதியை யாரும் விளக்காததால் நேர்வது.

மார்பகத்தில் பால் சுரக்கும் சிற்றறைகளும், அப்பாலைக் காம்புக்குக் கொண்டு செல்லும் நாளங்களும் உள்ளன. பெரும்பாலான புற்று நாளத்தின் உட்சுவரில்தான் தொடங்குகிறது. மாறிய செல்கள் நாளத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும் நிலை பூஜ்யக் கட்டம் எனப்படும். அவை சுவரை உடைத்துச் சுற்றுத் திசுவில் இறங்கிய பின்னரே அது ஊடுருவும் புற்று ஆகிறது. ஊடுருவும் புற்றில் நான்கில் மூன்று பங்களவு நாளப் புற்றே. பத்தில் ஒன்று அல்லது சற்றுக் கூடுதலாக வரும் சிற்றறைப் புற்றில் செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் புரதம் பெரும்பாலும் இல்லாமற்போவதால், அவை திரண்டு கட்டியாகாமல் ஒற்றை வரிசையாகப் பரவுகின்றன. கைக்கும் மேமோகிராம் படத்துக்கும் அவை எளிதில் அகப்படாததன் காரணம் இதுவே. அரிதான மற்றொன்று அழற்சிப் புற்று: இதில் கட்டியே தட்டுப்படாமல், மார்பு சிவந்து, வீங்கி, தோல் ஆரஞ்சுப் பழத்தோல் போலப் புள்ளி புள்ளியாகக் குழிந்துவிடும். பால் கட்டிக்கொண்டது என்றோ சீழ் பிடித்தது என்றோ எண்ணி நாள் கடத்தப்படும் இவ்வகை, கண்டறியப்படும்போதே குறைந்தது மூன்றாம் கட்டமாகக் கணக்கிடப்படுகிறது.

கட்டங்களை வகுக்கும் முறை பிரெஞ்சு அறுவை மருத்துவர் பியேர் தெனுவா 1943 முதல் 1952 வரை உருவாக்கியது. கட்டியின் அளவு, அக்குள் நிணநீர்க் கணுக்களின் நிலை, தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவல் ஆகிய மூன்றையும் தனித்தனியே அளந்து சேர்ப்பதே அவருடைய டி.என்.எம். முறை. நிணநீர்க் கணு என்பது, கையில் புண் வந்தால் அக்குளில் நெறி கட்டுகிறது என்கிறார்களே, அந்த நெறிதான். இரண்டு சென்டிமீட்டருக்கு மிகாத கட்டி, கணுக்களுக்குச் செல்லாதிருந்தால் அது முதற்கட்டம். கட்டி ஐந்து சென்டிமீட்டர் வரை வளர்ந்திருந்தாலோ, ஒன்று முதல் மூன்று கணுக்கள் வரை பரவியிருந்தாலோ பொதுவாக இரண்டாம் கட்டம். பல கணுக்கள் பாதிக்கப்பட்டிருப்பது, கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பது, தோல் புண்ணாகியிருப்பது, மார்புச் சுவரைக் கட்டி பற்றியிருப்பது ஆகியவை மூன்றாம் கட்டத்தின் அடையாளங்கள். எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை ஆகியவற்றுக்குச் சென்றுவிட்டால் நான்காம் கட்டம். அப்போதும் அது மார்பகப் புற்றுநோயே, எலும்பில் காணப்படுவதால் எலும்புப் புற்றுநோய் ஆகிவிடுவதில்லை என்பதால் மருந்தும் மார்பகப் புற்றுக்குரியதே.

இங்கு ஒரு குழப்பத்தை நீக்கியாக வேண்டும். பயாப்சி என்னும் திசுச் சோதனையின் அறிக்கையில் 'கிரேடு 3' என்று கண்டதும் மூன்றாம் ஸ்டேஜ் என்று கலங்கிப்போகும் குடும்பங்கள் பல. கிரேடு என்பது நுண்ணோக்கியின் கீழ் அச்செல்கள் இயல்பான செல்லிலிருந்து எவ்வளவு மாறித் தோன்றுகின்றன, எவ்வளவு விரைவாகப் பிளவுறுகின்றன என்பதற்கான தரமே ஆகும். முதற்கட்ட நோயிலும் மூன்றாம் கிரேடு இருக்கலாம்.

இனி வகையின் உண்மையான மையத்துக்கு வரலாம். பயாப்சியில் எடுத்த திசுவில் மூன்று சோதனைகள் செய்யப்படுகின்றன. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்டிரோன் என்னும் பெண்மை ஹார்மோன்களைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் அச்செல்களில் உள்ளனவா என்பது ஈ.ஆர்., பி.ஆர். சோதனைகளால் தெரியும். இருந்தால் ஹார்மோன்தான் அப்புற்றுக்கு உரம்; அதைத் தடுக்கும் டமாக்சிபன் போன்ற, விலை குறைந்த மாத்திரையை ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலுமோ நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். உடம்பு தேறிவிட்டதென்று இடையில் நிறுத்துவது, நோய்க்கு மீண்டும் வாசலைத் திறந்துவிடுவதாகும். மூன்றாவது சோதனை ஹெர்-2 என்னும் புரதத்தைப் பற்றியது. இது மிகுந்த புற்று ஒரு காலத்தில் மிகக் கொடியதாகக் கருதப்பட்டது. 1998-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டிராஸ்டுசுமாப் என்னும் மருந்து அந்நிலையை மாற்றியது. ஹெர்-2 சோதனையின் முடிவு 'இரண்டு பிளஸ்' என வந்தால் உறுதிப்படுத்த ஃபிஷ் என்னும் மரபணுச் சோதனை தேவை. மூன்றுமே இல்லாதது மும்மை எதிர்மறைப் புற்று. மாத்திரைக்கும் ஹெர்-2 மருந்துக்கும் கட்டுப்படாத இதற்குக் கீமோதெரபியே முதன்மைத் துணை. மேலை நாடுகளைக் காட்டிலும் இந்தியப் பெண்களிடம் இவ்வகையின் பங்கு கூடுதல் என்பது கவலைக்குரியது. 2018-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக்குழுவின் கட்ட வகுப்பு விதிகளின் எட்டாம் பதிப்பு இச்சோதனைகளையும் கிரேடையும் கட்டத்தோடு சேர்த்தே கணக்கிடச் சொல்கிறது; கட்டமும் வகையும் வெவ்வேறு கேள்விகள் என்றாலும் விடை ஒன்றாகவே அமைகிறது.

இந்தியாவில் 2022-இல் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாகவும், 98,000 பேர் இதனால் இறந்ததாகவும் உலகப் புற்றுநோய் மதிப்பீடு கூறுகிறது. 2012 முதல் 2015 வரை இந்தியப் பதிவேடுகளில் இடம்பெற்ற நோயாளிகளை ஆராய்ந்தபோது, நோய் மார்பகத்துக்குள் அடங்கியிருந்தவர்களில் சுமார் 81 விழுக்காட்டினர் ஐந்தாண்டு கடந்து வாழ்ந்தனர். தொலைவுக்குப் பரவியவர்களில் அது சுமார் 18 விழுக்காடே. மூன்றாம் கட்டத்தில் வருவோரே மிகுதியாயிருந்த காலத்தில், 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிலையம், மருத்துவர் சாந்தா உள்ளிட்டோரின் உழைப்பால், கீமோவையும் கதிர்வீச்சையும் (ஊரார் 'கரண்ட் வைப்பது' என்பது இதையே) அறுவைக்கு முன் இணைத்துத் தரும் முறையில் முன்னோடியாக விளங்கியது.

நோய் முற்றிய பிறகே மருத்துவரிடம் வரும் தாமதத்துக்குப் பணமின்மை மட்டும் காரணமன்று. வலியில்லாத கட்டியைத் தீங்கற்றது என்று நினைப்பதும், கத்தி வைத்தால் பரவிவிடும் என்ற அச்சமும், மார்பைப் பிறரிடம் காட்டக் கூசுவதும் பெண்ணை வீட்டிலேயே நிறுத்திவிடுகின்றன. தொடக்கப் புற்று பெரும்பாலும் வலிப்பதில்லை. ஊசியால் எடுக்கும் பயாப்சியால் நோய் பரவிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அது இல்லாமல் வகையை அறியும் வழியும் இல்லை.

கண்டறிவதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுமென்பதும் இல்லை. மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை ஒன்றரை லட்சம் பெண்களிடம் இருபதாண்டு நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டுச் சோதித்ததிலேயே நோய் முந்தைய கட்டங்களில் அகப்பட்டது; ஐம்பது வயதைத் தாண்டியோரிடம் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்ததாக 2021-இல் அதன் முடிவு வெளியானது. முப்பது வயது நிறைந்த பெண்களுக்கு இச்சோதனையைச் செய்ய நடுவண் அரசின் திட்டம் வழிவகுத்துள்ளது. தொடர் சிகிச்சைக்குப் புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனையின் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. மார்பில் புதிதாக ஒரு கட்டி, காம்பு உள்ளிழுக்கப்படுதல், இரத்தக் கசிவு, தோல் குழிதல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த வாரமே காட்டுங்கள். நோய் உறுதியானால், அறிக்கையில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 ஆகிய மூன்றின் முடிவும் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்டுப் பார்த்து, அதன் நகலைக் குடும்ப அட்டையைப் போலப் பத்திரப்படுத்தி, எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் கையோடு கொண்டு செல்லுங்கள்.